யார் கூற்று, யார் உடல்: பதின்பருவ வாம்பயர் நாவல்கள் திரைக்குப் போன கதை

எம்.ஏ. தமிழ் வகுப்பில் அகப்பாட்டு ஒன்றைக் கையில் எடுத்தவுடன் கேட்கச் சொல்லிக்கொடுத்த முதல் கேள்வி, 'இது யார் கூற்று?' என்பதுதான். தலைவியா, தோழியா, செவிலியா, கண்டோரா. பாட்டில் வரும் மலையும் சுனையும் புலியும் எல்லாம் அதற்கப்புறம். கூற்று மாறினால் அதே புலி வேறு புலியாகிவிடும். படித்ததில் மறந்துபோனது நிறைய. இந்த ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நாவல் சினிமாவாவதைப் பற்றி யாராவது பேச்சை ஆரம்பித்தால், எந்தப் பாத்திரம் வெட்டுப்பட்டது, முடிவை மாற்றினார்களா என்கிற விசுவாசக் கணக்கைவிட, கூற்று என்ன ஆச்சு என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

அதைக் கேட்பதற்கு நான் எடுத்துக்கொள்ளும் பிரதிகள் நம்முடைய சிறுபத்திரிகை வட்டத்தில் மரியாதைக்குரியவை அல்ல. பதின்பருவத்துப் பெண்களை மனதில் வைத்து அமெரிக்காவில் எழுதப்பட்ட வாம்பயர் நாவல்களும், அவற்றுக்கு முன்னும் பின்னும் வந்த சில ஐரோப்பிய உறவுக்காரப் பிரதிகளும். (வாம்பயரை 'இரத்தக் காட்டேரி' என்று தமிழாக்குவது வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. நம்மூர்க் காட்டேரிக்குப் படையல் உண்டு. சாமியாகிற வழியும் உண்டு. ஐரோப்பிய வாம்பயருக்கு அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. ஆகவே வாம்பயர் என்றே வைத்துக்கொள்கிறேன்.) ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' 2005இல் நாவலாகவும் 2008இல் படமாகவும் வந்தது. 2009இல் சான் டியாகோவில் நடந்த காமிக்-கான் விழாவில், 'ட்வைலைட்' விழாவையே கெடுத்துவிட்டது என்று எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு சிலர் நின்றார்கள். படம் பார்க்க வந்த பெண்பிள்ளைகளின் கூட்டம்தான் அவர்களுக்குப் பிரச்சினை. அந்த ஏளனம் இங்கேயும் இருந்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். நாவலைப் படிக்காமலே சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாவல் பெல்லா என்கிற பதினேழு வயதுப் பெண் தன்மையில் சொல்வது. அவள் காதலிக்கும் எட்வர்ட் 1918இல் ஸ்பானிஷ் ஃப்ளூவில் சாகக் கிடந்தபோது வாம்பயராக்கப்பட்டவன். அவனும் பதினேழிலேயே நின்றுபோனவன். ஓர் இடத்தில், அவன் இரவுதோறும் தன் அறைக்குள் வந்து தான் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான் என்பது பெல்லாவுக்குத் தெரிய வருகிறது. அவளுக்குப் பயம் வருவதில்லை. தூக்கத்தில் எதையாவது உளறியிருப்போமோ என்கிற கூச்சமும், உள்ளுக்குள் ஒரு பெருமையும்தான் வருகின்றன. வாசகர் அவளுடைய கூச்சத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அந்த அறையைப் பார்க்கிறார். படத்தில் இதே விஷயம் என்னவாகிறது? ஒரு பெண் தூங்கி விழிக்கிறாள். இருட்டில் ஓர் ஆண் நின்றுகொண்டிருக்கிறான். விளக்கைப் போட்டால் ஆளைக் காணோம். அவ்வளவுதான். இது காதல் காட்சியா, போலீஸில் புகார் கொடுக்க வேண்டிய காட்சியா?

காமிரா எதையும் சேர்க்கவில்லை. அது கழித்தது மட்டும்தான். அவளுடைய கூற்றைக் கழித்ததும் நாவலின் இனிப்புக்குக் கீழே இருந்த அதிகார உறவு வெளியே தெரிந்துவிட்டது. படம் வந்தபிறகுதான் 'எட்வர்ட் கண்காணிக்கிறவன், கட்டுப்படுத்துகிறவன்' என்ற பேச்சு பரவலாயிற்று என்று நினைக்கிறேன். அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பேச்சு, இந்த நாவல்களில் ஒரு பெண் தன் ஆசையைத் தானே சொல்லிக்கொண்டு போகிறாள் என்கிற மற்றொரு உண்மையைச் சௌகரியமாக மறந்துவிட்டது. நாவல் மறைத்ததைப் படம் காட்டியது. நாவல் சொன்னதைப் படத்தால் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே வெட்டில் நடந்தவை.

இது 2008இல் தொடங்கிய விவகாரமும் அல்ல. அயர்லாந்துக்காரரான ஷெரிடன் லெஃபானு எழுதிய 'கார்மில்லா' 1872இலேயே நூலாகிவிட்டது. 'டிராகுலா' வர இன்னும் 25 வருஷம் இருந்தது. கதை சொல்பவள் லாரா. கதை நடக்கும்போது அவளுக்குப் பத்தொன்பது. வீட்டுக்கு விருந்தாளியாக வந்த அழகான பெண்ணிடம் தனக்கு ஏற்பட்ட ஈர்ப்பையும் அருவருப்பையும் ஒன்றாகவே சொல்கிறாள். பதின்பருவ வாம்பயர் கதையின் மூலப்பிரதி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன். முழுக்க முழுக்கத் தலைவி கூற்று.

இது சினிமாவுக்குப் போனபோது முதலில் காணாமல் போனவள் லாராதான். கார்ல் டிரையர் 1932இல் எடுத்த 'வாம்பயர்' லெஃபானுவின் தொகுதியை ஆதாரமாகக் காட்டிக்கொண்டது. ஆனால் அதில் மையத்தில் நடமாடுகிறவன் ஓர் இளைஞன். படம் மகத்தானது, அது வேறு. 1970இல் பிரிட்டனின் ஹாமர் நிறுவனம் 'தி வாம்பயர் லவ்வர்ஸ்' என்று எடுத்தது. கார்மில்லாவாக நடித்த இன்கிரிட் பிட்டுக்கு அப்போது 32. சொல்கிறவளின் குரல் போய், பார்க்கப்படுகிற உடல்கள் மட்டும் மிஞ்சின. அதே 1970இல்தான் பிரிட்டனில் 'எக்ஸ்' சான்றிதழ்ப் படங்களுக்கான வயது 16இலிருந்து 18 ஆக உயர்த்தப்பட்டது. லாராவுக்குப் பத்தொன்பது, அவள் தப்பித்துக்கொள்வாள். அவளைவிட இரண்டு வயது சின்னவளைத் தியேட்டர் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இளம்பெண் சொன்ன கதையை இளம்பெண்கள் பார்க்கக் கூடாத படமாக்க ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை.

வயதுக் கணக்குக்கு வந்துவிட்டோம். நம்முடைய உலா இலக்கியக்காரர்கள் பெண்களை வயதை வைத்து ஏழாகப் பிரித்தார்கள்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். ஐந்து வயதில் தொடங்கி நாற்பதில் முடிகிற பட்டியல். பெண்ணை வயதால் அளந்து, அந்தந்த வயதுக்கு இவ்வளவுதான் ஆசை என்று வரையறுக்கிற பட்டியல் என்பதால் எனக்கு இதன்மேல் கோபம் உண்டு. ஆனால் கதாபாத்திரத்துக்கு நடிகை தேடுகிற ஹாலிவுட் அலுவலகத்தில் இந்தப் பட்டியல்தான் மாட்டியிருக்கிறதோ என்றும் சில சமயம் சந்தேகம் வருகிறது. இன்கிரிட் பிட்டைப் போட்டவர்கள் மடந்தை இருந்த இடத்தில் பேரிளம்பெண்ணை வைத்தார்கள்.

இதைவிடக் கூர்மையான உதாரணம் ஆன் ரைஸின் 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' (1976). அது பதின்பருவத்தினருக்கான நாவல் அல்ல. ஆனால் பின்னால் வந்த எல்லாவற்றின் சிக்கலும் அதில் இருக்கிறது. ரைஸின் மகள் 1972இல் ஆறு வயது நிரம்புமுன் லுக்கீமியாவில் இறந்தாள். நாவலில் வரும் கிளாடியாவுக்கு ஐந்து வயது. வாம்பயராக்கப்பட்டதால் அவள் சாக மாட்டாள்; வளரவும் மாட்டாள். பத்து வருஷம், இருபது வருஷம், அறுபது வருஷம் போகிறது. உள்ளே முதிர்ந்த ஒரு பெண், வெளியே பொம்மை மாதிரி ஒரு குழந்தை. தன்னை இந்த உடம்புக்குள் பூட்டியவர்கள்மேல் அவளுக்கு வருகிற ஆத்திரம்தான் நாவலின் உயிர். எழுத்தில் 'ஐந்து' என்று ஒருமுறை சொன்னால் போதும். பக்கம் திரும்பத் திரும்ப அந்த ஐந்து அப்படியே நிற்கும். ஐந்து வயதுக் குழந்தையை வைத்து இதை நடிக்கச் செய்ய முடியுமா? முடியாது, செய்யவும் கூடாது. 1994இல் நீல் ஜோர்டன் எடுத்த படத்தில் கிர்ஸ்டன் டன்ஸ்ட் நடித்தபோது அவருக்குப் பதினொன்று. 2022இல் தொலைக்காட்சித் தொடரானபோது கிளாடியாவின் வயதே பதினான்கு என்று மாற்றப்பட்டு, அதைவிட மூத்த நடிகை ஒருவர் நடித்தார். 2024இல் இரண்டாம் பருவத்துக்கு வேறு நடிகை வந்துவிட்டார். பேதை பெதும்பையாகி, மடந்தையானாள். வளரவே முடியாத கிளாடியா திரையில் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறாள்.

வளர வளரக் கதை மாறிவிடுகிறது. ஐந்து வயதுடையவளின் கொடுமை, தனக்கு வாலிபம் என்று ஒன்று வரவே போவதில்லை என்பது. பதினான்கு வயதுடையவளின் கொடுமை, வாசல்வரை வந்து நின்றுபோனது. இரண்டும் ஒன்றல்ல. தொடர் இரண்டாவதை நன்றாகவே செய்தது. முதலாவது நாவலில் மட்டும்தான் இருக்கிறது.

அடிப்படையில் சினிமா மூப்பைப் பதிவு செய்கிற யந்திரம். நடிகரின் முகத்தில் காலம் நடத்துகிற வேலையை அது ஒளிக்க முடியாது. வாம்பயரோ காலத்துக்கு வெளியே போனவர். இருவரையும் ஒரு சட்டகத்துக்குள் உட்காரவைக்கத்தான் இவ்வளவு பாடு. 'தி வாம்பயர் டைரீஸ்' தொடர் 2009இலிருந்து 2017 வரை ஓடியது. பதினேழில் நின்றுபோன ஸ்டெஃபானாக நடித்த பால் வெஸ்லிக்குத் தொடங்கும்போது 27, முடியும்போது 34. 'ட்வைலைட்' வரிசையின் இரண்டாம் நாவலான 'நியூ மூன்' பெல்லாவின் பதினெட்டாவது பிறந்தநாளில் தொடங்குகிறது. அவனுக்குப் பதினேழு, தனக்குப் பதினெட்டு என்று அவள் நடுங்குகிறாள். கிர்ஸ்டன் ஸ்டூவர்ட்டுக்குப் பதினெட்டு ஆனது முதல் படத்தின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது. அவர் சிறார் என்பதால் இருந்த வேலைநேரக் கட்டுப்பாடு அன்றோடு நீங்கி, இரவுக் காட்சிகளுக்கு வழி பிறந்தது. கதாபாத்திரத்தின் பயம் தயாரிப்பு நிர்வாகத்தின் நிம்மதி. ஓநாயாக மாறும் ஜேக்கப் நாவலில் சில வாரங்களில் ஆளே மாறிப்போகிறான். டெய்லர் லாட்னரோ, வேறு நடிகரைப் போட்டுவிடுவார்கள் என்ற நிலையில், ஏறக்குறைய 30 பவுண்டு உடம்பை ஏற்றிக்கொண்டு வந்து வேலையைக் காப்பாற்றிக்கொண்டார். ஒரு வாக்கியத்தில் எழுத்தாளர் முடித்துவிட்டதற்காக ஒரு பையன் மாதக்கணக்கில் இரும்பு தூக்க வேண்டியிருந்தது.

வெயில் விஷயம் வேடிக்கையானது. சூரிய ஒளி பட்டால் வாம்பயர் செத்துப்போகும் என்று எல்லோரும் சொல்கிறோம். பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா லண்டன் தெருவில் பகலில் நடமாடுகிறான். பகலில் அவன் சக்தி குறையும், அவ்வளவுதான். வெயிலில் சாகிற வாம்பயர் 1922இல் முர்னாவின் 'நோஸ்ஃபெராட்டு' படத்தில் பிறந்தவன். அதாவது இது சினிமா உண்டாக்கிய மரபு. ஒளியால் வாழ்கிற கலை, தன் பேயை ஒளியாலேயே கொன்றது. 83 வருஷம் கழித்து மேயர் அதைத் திருப்பிப் போட்டார்: வெயில் பட்டால் வாம்பயரின் தோல் வைரம்போல மின்னும், அதனால்தான் ஃபோர்க்ஸ் என்கிற மழை ஊரில் ஒளிந்து வாழ்கிறார்கள். வெயிலில் நிற்கும் எட்வர்டைப் பார்த்துப் பெல்லா திகைப்பது நாவலில் வேலை செய்கிறது, ஏனென்றால் மின்னுவது அவன் தோல் மட்டுமல்ல, அவள் சொற்களும்தான். படத்தில் கணினியால் தூவிய மினுக்கு தெரிந்தது. தியேட்டரில் சிரித்தார்கள். கேத்ரின் ஹார்ட்விக்கைக் குறை சொல்ல மாட்டேன். முன்பு பாரமவுண்ட் வசம் உரிமை இருந்தபோது எழுதப்பட்ட திரைக்கதையில் பெல்லா ஓட்டப்பந்தய வீராங்கனையாக இருந்தாள். அதைத் தள்ளிவிட்டு நாவலின் பெண்ணைத் திரும்பக் கொண்டுவந்தவர் அவர்தான். 3.7 கோடி டாலரில் எடுத்து உலகமெங்கும் ஏறக்குறைய 40 கோடி ஈட்டிய படம் அது. அடுத்த நான்கு படங்களையும் ஆண்கள் இயக்கினார்கள்.

ஆனால் அந்த ஆண்கள் எடுத்த படங்களில் இரண்டு இடங்கள் என்னை யோசிக்க வைத்தவை. ஒன்று 'நியூ மூன்' (2009). எட்வர்ட் விட்டுப்போனபின் பெல்லாவின் சில மாதங்களை மேயர் எழுதவே இல்லை. அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயர் மட்டும் அச்சிட்ட வெற்றுப் பக்கங்கள். சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் குரல் அற்றுப்போகிறது. அச்சு என்கிற ஊடகம் மட்டுமே செய்யக்கூடிய காரியம். கிறிஸ் வைட்ஸ் என்ன செய்தார்? நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெல்லாவைச் சுற்றிக் காமிரா வட்டமடிக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஜன்னலுக்கு வெளியே பருவம் மாறுகிறது, மாதப் பெயர் வருகிறது. நாவல் வெறுமையை வைத்த இடத்தில் படம் காலத்தை வைத்தது. உலகத்துக்கு மட்டும் மாதம் போகிறது, அவள் வாம்பயரைப்போல உறைந்துவிட்டாள். தழுவல் என்றால் இதுதான் என்று சொல்லலாம்.

இரண்டாவது, 'பிரேக்கிங் டான்' முதல் பாகம் (2011), பில் காண்டன். நாவலில் பெல்லாவுக்கு வாம்பயர் குழந்தை உள்ளேயிருந்து அவளை உடைத்துக்கொண்டு பிறக்கிறது. வரிசை முழுக்கப் பேசிவந்த பெல்லா, கருவுற்ற நாள்களில் பேசுவதில்லை; மேயர் அந்தப் பகுதியை ஜேக்கப்பின் கூற்றாக எழுதிவிட்டார். பெண்ணின் உடலில் நடக்கிற ஆகப் பெரிய வன்முறையை ஓர் ஆண் வெளியே நின்று சொல்கிறான். நாவல்மேல் எனக்குள்ள பெரிய புகார் இதுதான். படத்துக்கு வேறொரு நெருக்கடி. பார்வையாளர்கள் பதின்பருவத்தினர், ஆகவே அமெரிக்காவில் 1984இல் ஏற்படுத்தப்பட்ட பிஜி-13 சான்றிதழுக்குள் அடங்கியாக வேண்டும். ரத்தம் குடிக்கிறவர்களின் கதையில் ரத்தத்தைக் காட்டக் கூடாது! காண்டன் காமிராவைப் பெல்லாவின் கண்களுக்குள் கொண்டுபோய் வைத்தார். அவளுக்கு எது தெரிகிறதோ அது மட்டும் நமக்கும்: மங்கலாக முகங்கள், வெளிச்சம், கத்தல். தணிக்கைக்குப் பயந்து செய்த காரியம், நாவல் அவளிடமிருந்து பறித்த இடத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது. யார் திட்டமிட்டது என்று கேட்டால் யாரும் இல்லை. (அந்தக் குழந்தைக்காக முதலில் ஒரு யந்திரப் பொம்மை செய்து பார்த்தார்கள். அது பயமுறுத்தியதால் ஓரங்கட்டிவிட்டு, மெக்கென்ஸி ஃபாய் என்ற சிறுமியின் முகத்தைக் கணினியில் ஒட்டினார்கள். அதுவும் பயமாகத்தான் இருந்தது.)

உரிமையைப் பற்றி ஒரு வார்த்தை. 'நோஸ்ஃபெராட்டு' அனுமதியின்றி 'டிராகுலா'விலிருந்து எடுத்தது என்று ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்குப் போட்டு, 1925இல் படச்சுருள்களை அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வாங்கினார். தப்பிய பிரதிகளால்தான் இன்று அது நம் கையில் இருக்கிறது. எதிர்முனையில் எல். ஜே. ஸ்மித். 'தி வாம்பயர் டைரீஸ்' நாவல்களை 1991இல் எழுதத் தொடங்கியவர் அவர்தான். ஆனால் எழுதிக்கொடுத்துப் பணம் பெறுகிற ஒப்பந்தம், பதிப்புரிமை அவருடையதல்ல. தொடர் வெற்றி பெற்று ஓடிக்கொண்டிருந்த 2011இல் அவரை நீக்கிவிட்டு வேறொருவரை வைத்து நாவல்களை எழுத வைத்தார்கள். பின்னர் அவர் தன் கதாபாத்திரங்களைப் பற்றியே ரசிகர் கதை எழுதி வெளியிட்டார். 2025இல் காலமானார். ஒரு பெண்ணின் கூற்று எழுத்தாளர் மட்டத்திலேயே பறிபோனதற்கு இதைவிட நேரடியான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஸ்வீடன். யோன் அய்விதே லிண்ட்குவிஸ்டின் 'லெட் தி ரைட் ஒன் இன்' (2004) ஸ்டாக்ஹோமின் பிளாக்கெபெரி புறநகரில் நடக்கிற கதை. பள்ளியில் அடி வாங்கும் ஆஸ்கர், பன்னிரண்டு வயதில் ரொம்ப காலமாக நின்றுவிட்ட ஏலி. நாவலில் ஏலி பெண்ணல்ல. இருநூறு வருஷங்களுக்கு முன் உறுப்பு வெட்டப்பட்ட ஒரு பையன். டொமாஸ் ஆல்ஃப்ரெட்சன் 2008இல் எடுத்த படத்துக்கு லிண்ட்குவிஸ்டே திரைக்கதை எழுதினார். ஏலியாக நடித்த லீனா லியாண்டர்சனின் குரலைப் படத்தில் எடுத்துவிட்டு, அதைவிடக் கனமான இன்னொரு குரலை, எலிஃப் செய்லானுடையதை, வைத்தார்கள். ஓரிரு கணங்களில் முகமும் வயதான வேறொரு நடிகையுடையதாகிவிடுகிறது. பார்ப்பவர் சரியாகக் கவனிக்கக்கூட மாட்டார். ஏதோ ஒன்று இந்தக் குழந்தையிடம் பழையதாக இருக்கிறது என்று மட்டும் உறைக்கும். உடல் ஒருவருடையது, கூற்று வேறொருவருடையது. கிளாடியாவுக்குக் கிடைக்காத வழி இங்கே ஒலிப்பதிவுக் கூடத்தில் கிடைத்தது.

அதே படம் நாவலில் இருந்த இன்னொன்றை நீக்கியது. ஏலியுடன் வாழ்ந்து, ஏலிக்காகக் கொலை செய்யும் ஹோகான், நாவலில் சிறார்மேல் விபரீத ஈர்ப்புக் கொண்டவன். ஏலியைச் சந்தித்து அதிக காலம் ஆகாதவன். படத்தில் அவனுக்கு முன்கதையே கிடையாது. அருவருப்பைத் தவிர்க்கத்தான் எடுத்தார்கள், சரி. ஆனால் காலியான இடம் காலியாக இருக்காதே. ஹோகானும் ஒரு காலத்தில் ஆஸ்கர் மாதிரிச் சின்னப் பையனாக ஏலியிடம் வந்தவன், இப்போது கிழடாகிவிட்டான், ஆஸ்கருக்கும் இதே கதிதான் என்று பார்வையாளர்கள் வாசித்தார்கள். கடைசியில் ரயிலில் பெட்டிக்குள் ஏலியை வைத்துக்கொண்டு போகும் சிறுவனின் புன்னகை சட்டென்று பயங்கரமாகிவிட்டது. 2010இல் மாட் ரீவ்ஸ் எடுத்த அமெரிக்கப் படம் அந்த வாசிப்பைப் பழைய புகைப்படம் ஒன்றைக் காட்டி வெளிப்படையாகவே எழுதிக்கொண்டது. லிண்ட்குவிஸ்டுக்கு அது பிடிக்கவில்லை. அவர் மறுபடி பேனாவை எடுத்து ஒரு சிறுகதை எழுதினார். அதில் ஆஸ்கரும் வாம்பயராகி, ஏலியோடு பன்னிரண்டு வயதிலேயே நின்றுவிடுகிறான்.